முகத்தைவிடக் கறுப்பான ஒன்று

தண்ணீருக்குள் கிடக்கும்போது எல்லாப் படமும் அழகுதான். ஹைப்போ கரைசலிலிருந்து எடுத்துக் கழுவும் ட்ரேயில் போட்டு, இருட்டறையின் வெள்ளை விளக்கை முதல்முறையாகப் போடும் அந்த நிமிடத்தில், தாளில் இருக்கும் கறுப்பு அடி தெரியாத கிணறு மாதிரி இருக்கும். கம்பியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுவிட்டு மனநிறைவோடு தூங்கப் போவேன். காலையில் வந்து பார்த்தால் கிணறு வற்றியிருக்கும். அடியில் காய்ந்த களிமண்ணின் சாம்பல் நிறம் தெரியும். இரவு பார்த்ததும் காலையில் பார்ப்பதும் ஒரே படம்தான் என்று மனம் ஒப்பாது.

அம்மிக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். காய்ந்து கிடக்கும்போது வெளிறிய சாம்பல். ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினால் கன்னங்கரேல். கல் மாறவில்லை. அதன் கரடான மேற்பரப்பு, தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை உள்ளே விடாமலேயே நாலாபுறமும் சிதறடிக்கிறது. அந்தச் சிதறல் வெள்ளைத் தூசி மாதிரி கறுப்பை மூடிவிடுகிறது. தண்ணீர் அந்த மேடுபள்ளங்களை நிரவுகிறது. பளபளப்பான தாளும் இதே வேலையைத்தான் செய்கிறது. மேற்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி நூற்றில் ஏறக்குறைய நான்கு பங்கு. அதைக் கண்ணாடிபோல ஒரே திசையில் அனுப்பிவிடுகிறது. அந்தத் திசையில் நாம் நிற்காதவரை கறுப்பு கறுப்பாகவே இருக்கும். மேட் தாளில் அதில் ஒரு பகுதி, எங்கே நின்று பார்த்தாலும் கண்ணுக்கு வந்து சேரும். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் ஈரப் படத்தைப் பளபளக்கும் தகட்டில் அழுத்தி ஒட்டிக் காயவைத்துக் கிளேசிங் செய்தது இதற்காகத்தான். ஈரத்தில் இருந்த ஆழத்தைக் காய்ந்த பிறகும் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசை.

கறுப்பை அளக்க டென்சிட்டோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. விழுந்த ஒளியில் நூற்றில் பத்துப் பங்கு திரும்பி வந்தால் 1 என்று காட்டும். ஒரே ஒரு பங்கு திரும்பினால் 2. பளபளப்பான நல்ல புரோமைடு தாள் 2.1, 2.2 வரை போகும். மேட் தாள் 1.6, 1.7இல் நின்றுவிடும். நியூஸ்பிரிண்ட் 1ஐக் கொஞ்சம் தாண்டினாலே பெரிய காரியம். 2.1க்கும் 1.6க்கும் நடுவே அரை எண்தானே என்று தோன்றும். ஆனால் இது மடங்குக் கணக்கு. அந்த அரை எண் இறங்கும்போது திரும்பி வரும் ஒளி மூன்று மடங்காகிவிடுகிறது. அந்த அரை எண்ணுக்குள் ஒரு மனுஷியின் முகம் முழுவதும் குடியிருக்க முடியும் என்று எனக்குத் தெரியவர வெகுகாலம் ஆனது.

1998 ஏப்ரலில், தூத்துக்குடி முத்தையாபுரம் பக்கத்து உப்பளம் ஒன்றில் எடுத்த படம் அது. விடியுமுன் வேலைக்கு இறங்கியவர்கள் கொஞ்சம் மூச்சுவிடும் நேரம். பம்ப்செட் கொட்டகை வாசலில் ஓர் அக்கா வந்து நின்றார். நாற்பது வயதுக்கு மேலிருக்கும். சேலைமேல் ஆண்கள் போடும் கருநீலச் சட்டை, கை முழங்கைவரை மடித்துவிட்டது. தலையில் சும்மாடாகச் சுற்றும் துண்டு. வலது கையால் கதவு நிலையைப் பிடித்திருந்தார். அந்த முன்கையில் பச்சை குத்திய ஒரு புள்ளிக் கோலம். அவருக்குப் பின்னால் கொட்டகையின் இருட்டு. இடதுபுறம், கண்ணைத் திறந்து பார்க்க முடியாத வெள்ளையில் உப்பு அம்பாரம். கீழே கிடந்த உப்பிலிருந்து எழும்பிய ஒளி அவர் தாடைக்கு அடியில், நிழல் இருக்க வேண்டிய இடத்தில், மெல்லப் படிந்திருந்தது. கண்ணால் பார்த்தபோது எல்லாம் தனித்தனியாக இருந்தன: கொட்டகையின் இருட்டு, அதற்கு முன்னால் சட்டை, சட்டைக்கு மேல் முகம், தோலைவிட ஒரு நூல் மட்டும் இருண்ட பச்சை.

நெகட்டிவில் அவ்வளவும் இருந்தது. தாளில்தான் வரவில்லை.

முதலில் எனக்குக் கிடைத்தது மேட் தாள். பன்னிரண்டு நொடி ஒளி கொடுத்தேன். முகம் சரியாக இருந்தது, கொட்டகையின் இருட்டு புகை மாதிரி வெளிறியிருந்தது. படத்துக்கு முதுகெலும்பு இல்லை. இருபது நொடி கொடுத்தேன். இருட்டு கறுத்தது. முகம் அதற்குள் போய்விட்டது. இதைப் புரிந்துகொள்ள ஒரு கட்டடத்தை நினைத்துக்கொள்ளலாம். தாளின் கறுப்புக்கு ஒரு தரை உண்டு. அந்தத் தாளில் அது 1.6. கொட்டகையின் இருட்டு தரையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது; அதற்கு மேல் எத்தனை நொடி கொடுத்தாலும் அதற்குக் கீழே போக இடமில்லை. மேலே இருப்பவை நிற்பதில்லை. சட்டை இறங்குகிறது, பச்சைக் கோலம் இறங்குகிறது, முகம் இறங்குகிறது. ஒவ்வொரு நொடிக்கும் மாடியிலிருந்து ஒருவர் தரைக்கு வந்து சேர்கிறார். கடைசியில் எல்லோரும் ஒரே தரையில், ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல்.

கான்டிராஸ்ட் கூடிய தாளில் போட்டுப் பார்த்தேன். இருட்டும் முகமும் பிரிந்தன. உப்பு அம்பாரம் வெறும் காகிதமாகிவிட்டது. கம்பி முனையில் அட்டை வட்டம் ஒட்டி, முகத்துக்கு மட்டும் ஒளியை மறைத்துப் பார்த்தேன். முகத்தைச் சுற்றிச் சாமி படத்தில் வருகிற மாதிரி ஒரு வெளிச்ச வட்டம் விழுந்தது. அதைக் கிழித்துப் போட்டேன். அந்த அக்காவின் முகம் வெளுத்துத் தெரிவது எனக்கு வேண்டியதில்லை. எவ்வளவு கறுப்பாக இருந்தாரோ அவ்வளவு கறுப்பாக, ஆனால் முழுசாகத் தெரிய வேண்டும்.

நம்மிடம் ‘நிறம் கம்மி’ என்றொரு பேச்சு இருக்கிறது. பெண் பார்க்கப் போய் வந்தவர்கள் சொல்வது. நிறம் குறைவு என்றால் கறுப்பு என்று பொருள். அச்சு வேலையில் கணக்கு நேர்மாறாக இருக்கிறது. கறுப்பான முகத்துக்குத்தான் வெள்ளி அதிகம், மை அதிகம். தாளில் எதுவுமே இல்லாத இடம் வெள்ளை. ஸ்டுடியோக்களில் டச்சிங் செய்தவர்கள் கூர்சீவிய பென்சிலால் நெகட்டிவில் முகத்தின்மேல் மெல்ல மெல்லத் தீட்டுவார்கள். நெகட்டிவில் கரி ஏறினால் படத்தில் முகம் வெளுக்கும். இதைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண் நம்முடையது. கறுத்த முகத்தை ஒன்று வெளுக்க வைக்கிறோம், இல்லையென்றால் கறை மாதிரி விட்டுவிடுகிறோம். நடுவே ஒரு வழி இருக்கிறது என்பதையே யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஆன்செல் ஆடம்ஸின் புத்தகங்களைத் தேடிப் படித்த காலம் அது. கறுப்பிலிருந்து வெள்ளைவரை பூஜ்யம் முதல் பத்துவரை படிகளாகப் பிரித்து, படம் எடுக்கும்போதே எந்தப் பொருள் எந்தப் படியில் விழ வேண்டும் என்று முடிவு செய்யும் முறையை ஃபிரெட் ஆர்ச்சரோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். அவர் அட்டவணையில் வெள்ளைக்காரரின் தோல் ஆறாம் படி. கறுத்த தோல் ஐந்தாம் படி, மத்திய சாம்பல். உப்பளத்தில் வெந்த தோல் ஐந்தில் நிற்காது. நான்கில் நிற்கும், துண்டின் நிழலில் மூன்றுக்கும் இறங்கும். மூன்றாம் படிக்குக் கீழே நிழலின் நுணுக்கங்கள் ஒவ்வொன்றாக அணையத் தொடங்கும் என்கிறது அந்த முறை. அவர் முறையில் குற்றமில்லை. அவர் நின்ற நிலப்பரப்பில் அந்தப் படிகளில் பெரும்பாலும் பாறையும் மரமும்தான் இருந்தன.

அவருடைய புகழ்பெற்ற ‘மூன்ரைஸ், ஹெர்னாண்டஸ், நியூ மெக்சிகோ’ 1941 நவம்பரில் எடுத்தது. ஒரு சிறிய ஊர், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகள், மேலே நிலா. ஆரம்ப நாள்களில் போட்ட பிரதிகளில் வானத்தின் மேற்பகுதியில் மெல்லிய மேகக் கீற்றுகள் தெரியும். வருடங்கள் போகப்போக அந்த வானத்தை மேலும் மேலும் கறுக்க வைத்தார். பிற்காலப் பிரதிகளில் கீற்றுகள் மறைந்து வானம் முழுக் கறுப்பாகிவிட்டது. நிலா இன்னும் தனியாக, இன்னும் மகத்தானதாக ஆனது. அந்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். அங்கே கறுப்புக்கு விலை கொடுத்தது சில மேகங்கள். என் நெகட்டிவில் விலை கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு முகம் நின்றது.

எனக்கு வழி காட்டியவர் ராய் டிகராவா. 1919இல் நியூயார்க்கின் ஹார்லெமில் பிறந்து, ஓவியமும் அச்சோவியமும் பயின்று, பிறகு கேமராவுக்கு வந்தவர். 1952இல் குகன்ஹைம் நல்கை பெற்றார்; புகைப்படத்துக்காக அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர். 1955இல் லாங்ஸ்டன் ஹியூஸின் எழுத்தோடு ‘தி ஸ்வீட் ஃபிளைபேப்பர் ஆஃப் லைஃப்’ என்ற சிறிய புத்தகமாக அவருடைய ஹார்லெம் படங்கள் வந்தன. ஃபிளாஷ் போட மாட்டார். அறையில் ஒரு குண்டு பல்பு இருந்தால் அந்த ஒளியிலேயே எடுப்பார். தன் படங்களைத் தானே பிரிண்ட் போடுவார், இருண்டதாகவே போடுவார். 1953இல் எடுத்த ‘ஹால்வே’ என்ற படத்தில் யாருமே இல்லை. குடியிருப்பு ஒன்றின் ஒடுங்கிய நடை, கொஞ்சம் வெளிச்சம், மிச்சமெல்லாம் இருட்டு. முதல் பார்வைக்கு எதுவும் தெரியாது. சினிமாக் கொட்டகைக்குள் படம் ஆரம்பித்த பிறகு நுழைகிறவர் மாதிரி நாம் கொஞ்சம் நிற்க வேண்டும். நின்றால் சுவர் தெரியும், சுவரின் எண்ணெய்ப் பிசுக்கு தெரியும். ஜாஸ் கலைஞர்களை எடுத்த படங்களிலும் அப்படித்தான். இருட்டிலிருந்து ஒரு கன்னம், கன்னத்திலிருந்து ஒரு புருவம். அந்தப் படங்களை 1960களின் தொடக்கத்திலேயே ‘தி சவுண்ட் ஐ சா’ என்று புத்தகமாகத் தொகுத்து வைத்திருந்தார். அச்சில் வந்தது 2001இல்.

அவர் படங்களை நல்ல அச்சில் பார்த்த அன்றுதான் என் தவறு பிடிபட்டது. இத்தனை நாளும் கறுப்பையும் முகத்தையும் எதிரிகளாக வைத்திருந்தேன். கறுப்பைக் கூட்டினால் முகம் போகும், முகத்தைக் காப்பாற்றினால் கறுப்பு போகும் என்று. டிகராவாவின் தாளில் முகங்கள் மிகக் கறுப்பாக இருக்கின்றன, ஆனால் அந்தத் தாளில் அவை கடைசிக் கறுப்பு இல்லை. அவற்றுக்குக் கீழே இன்னும் இடம் இருக்கிறது. அந்தக் கடைசிக் கறுப்பை அவர் மிகச் சிக்கனமாக, ஒரு கோட்டின் மடிப்பிலோ கதவிடுக்கிலோ மட்டும் வைக்கிறார். கறுத்த முகம் முகமாகத் தெரிய வேண்டுமென்றால் படத்தில் எங்காவது அதைவிடக் கறுப்பான ஒன்று இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்த முகமே தரையாகிவிடுகிறது. நான் செய்ய வேண்டியிருந்தது முகத்தைத் தூக்குவதல்ல, தரையைத் தோண்டுவது.

தோண்டச் செலவாகும். ஊட்டியில் 1960இல் தொடங்கி 1967இல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ என்ற பெயரில் தாள் செய்துகொண்டிருந்தது. இந்து என்றால் நிலா. வெள்ளியில் படம் வரும் தாளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை. கறுப்பு வெள்ளைப் படக்காரர்கள் பலர் அதில்தான் கை பழகினோம். ஆனால் இந்தப் படத்துக்காக வெளிநாட்டிலிருந்து வருகிற கனமான ஃபைபர் தாளை, சாப்பாட்டுக் காசில் மிச்சம் பிடித்து, பத்துத் தாளாக வாங்கினேன். முகத்துக்கு எவ்வளவு நொடி சரியோ அவ்வளவு மட்டும் மொத்தப் படத்துக்கும். பிறகு அட்டையில் நிலைச்சட்டத்தின் வடிவத்தில் ஓட்டை வெட்டி, அந்த ஓட்டை வழியே கொட்டகையின் இருட்டுக்கு மட்டும் கூடுதல் ஒளி. அட்டையை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கை ஒரு கணம் நின்றால் விளிம்பு கோடாக விழுந்துவிடும். சட்டைக் கழுத்துக்கும் தாடைக்கும் நடுவே இருந்த இடம் ஒரு விரல் அகலம்கூட இல்லை. ஒரு பிரதிக்கு மூன்று மணி நேரம். பத்துத் தாளில் இரண்டு தேறின.

கடைசியில் செலினியம். படத்திலிருக்கும் வெள்ளித் துகளை அது வெள்ளி செலினைடாக மாற்றுகிறது. வெள்ளி எங்கே அடர்ந்திருக்கிறதோ அங்கே முதலில் போய் வேலை செய்யும். நன்றாக நீர்த்த கரைசலில் சில நிமிடம் வைத்தால் நிழல்கள் மட்டும் இறுகும், முகத்தை அது இன்னும் தொட்டிருக்காது. அந்த நேரத்தில் எடுத்துவிட வேண்டும். பக்கத்தில் செலினியத்தில் போடாத பிரதியை வைத்துக்கொண்டு, இதையும் அதையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். கருவியில் அளந்தால் 0.1 கூடியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் கொட்டகையின் கதவு ஓர் அடி உள்ளே போன மாதிரி இருக்கும். அக்கா முன்னால் வந்து நிற்பார்.

செலினியம் நஞ்சு. அமோனியா நெடி கண்ணைக் கரிக்கும். கையுறை இல்லாமல் வேலை செய்த நாள்கள் உண்டு. இன்றைக்கு நினைத்தால் உறுத்துவது கை அல்ல. பழைய ஹைப்போவையாவது வெள்ளி எடுக்கிறவர்கள் வந்து கேனில் வாங்கிக்கொண்டு போவார்கள். தீர்ந்துபோன செலினியக் கரைசலை நான் கொல்லைச் சாக்கடையில் ஊற்றினேன். அது போய்ச் சேர்ந்த மண்ணோ கிணறோ எனக்குத் தெரியாது. ஆழ்ந்த கறுப்பின் விலையைக் கணக்குப் போடும்போது தாளையும் நேரத்தையும் மட்டும் எழுதிவிட்டு இந்த வரியை விட்டுவிட எனக்கு உரிமை இல்லை.

கறுப்புக்காக இதைவிடக் கூடுதலாக விலை கொடுத்தவர்கள் உண்டு. 1642இல் லுட்விக் ஃபான் சீகன் தொடங்கி வைத்த மெசோடின்ட் என்ற அச்சோவிய முறையைப் பிரெஞ்சுக்காரர்கள் கறுப்பு முறை என்றே சொல்வார்கள். செப்புத் தகடு முழுவதையும், பல்வரிசை கொண்ட வளைந்த உளியை ஆட்டி ஆட்டிக் கொத்துவார்கள். ஒரு திசையில் முடிந்ததும் இன்னொரு திசை, பிறகு இன்னொன்று. நாள்கணக்கில் இது மட்டுமே வேலை. அப்போது மை பூசி அச்சிட்டால் படமே இல்லாமல் முழுத் தாளும் பட்டுத்துணி மாதிரி ஒரே கறுப்பு. அதற்குப் பிறகுதான் ஓவியர் தொடங்குகிறார். தகட்டைச் சுரண்டி, தேய்த்து, கறுப்பிலிருந்து ஒளியை வெளியே எடுக்கிறார். அப்படி எடுத்த முகம் எவ்வளவு இருண்டிருந்தாலும் அதற்குப் பின்னால் எப்போதும் அதைவிட இருண்ட ஒன்று இருக்கும், ஏனென்றால் அது வந்ததே அங்கிருந்துதான். ஆனால் அந்தக் கறுப்பைப் பிடித்து வைத்திருக்கும் செம்புப் பிசிறுகள் மென்மையானவை. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் கொஞ்சம் மழுங்கும். சில பத்துப் பிரதிகள் நன்றாக வரும். நூறை நெருங்கும்போது கறுப்பு நரைக்கத் தொடங்கும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எஃகுத் தகடு வந்து ஆயுளைக் கூட்டியது.

பள்ளத்தில் மை நிற்க, மேட்டைத் துடைத்துவிடுவது நம் ஓலைச்சுவடிக்குப் பழக்கமான காரியம். எழுத்தாணி கீறிய ஓலையில் எழுத்து இருக்கும், ஆனால் கண்ணுக்குத் தெரியாது. வசம்புக் கரியையோ மாவிலைக் கரியையோ இலைச்சாற்றில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் கீறலில் மட்டும் கறுப்பு தங்கி எழுத்து எழும்பும். மையாடுதல் என்று பெயர். கண்ணுக்கு இடுவதும் மை, சுவடிக்கு இடுவதும் மை, அச்சுக்கு இடுவதும் மை. மூன்றிலும் அடிப்படைச் சரக்கு கரிதான்.

ஆழம் மட்டுமே எல்லாம் என்று நான் சொல்லவில்லை. பிளாட்டினத் தாளின் கறுப்பு 1.4, 1.5ஐத் தாண்டாது, மேட் தாளைவிடவும் ஆழம் குறைவு. ஆனால் நிழல்களை அது நெருக்கியடிப்பதில்லை. நீண்ட மெதுவான படிகளாக இறக்கிக்கொண்டு போகும். இங்கிலாந்தின் தேவாலயங்களைப் பிளாட்டினத்தில் அச்சிட்ட ஃபிரெடரிக் எவன்ஸ், முதல் உலகப்போரை ஒட்டி பிளாட்டினத்தின் விலை ஏறித் தாள் அரிதானபோது புகைப்படத் தொழிலையே விட்டுவிட்டார். வேறு தாளில் தன் கல்தூண்கள் நிற்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கோடக் 1916இல் அந்தத் தாள் செய்வதை நிறுத்தியது. எவன்ஸுக்கு உதவிய அந்தச் சாந்தமான கறுப்பு என் உப்பளத்துக்கு உதவாது. அவர் படங்களில் ஒளி ஜன்னல் வழியே தணிந்து வருகிறது. எனக்கு எதிரே உப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் அவ்வளவு வெள்ளை நிற்கும்போது மறுபக்கம் ஆழம் இல்லாவிட்டால் நடுவில் நிற்கும் மனுஷிக்கு இடம் கிடைக்காது.

அந்தப் படத்தை ஒரு சிறப்பிதழுக்குக் கேட்டார்கள். கொடுத்தேன். மேப்லித்தோ தாள், ஒற்றைக் கறுப்பு. அச்சகத்துக்கு நானும் போயிருந்தேன். அங்கே நிழல் என்பது என்ன என்று முதல்முறையாக லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வெளிச்சப் பகுதியில் வெள்ளைத் தாளில் சிறு கறுப்புப் புள்ளிகள். இருட்டு நெருங்க நெருங்கப் புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டி, கறுப்புக்கு நடுவே வெள்ளைத் துளைகள் மட்டும் மிஞ்சுகின்றன. கறுத்த முகம் முழுவதும் அந்தத் துளைகளில்தான் இருக்கிறது. மேப்லித்தோ மையைக் குடித்துப் பரப்பும் தாள். துளைகள் அடைபட்டன. மிஷின்மேன் தாளை உருவி என்னிடம் காட்டி, “சாலிட் எப்படி வந்திருக்கு பாருங்க சார்” என்றார். அவர் பார்வையில் அது நல்ல அச்சு. கறுப்பு ஒரு திட்டும் இல்லாமல் விழுந்திருந்தது. முகம் இருந்த இடத்தில் இரண்டு கண்ணின் வெள்ளை மட்டும் இருந்தது. கையில் கோலம் இல்லை. மையைக் குறைக்கச் சொன்னேன். குறைத்தார். கோலம் வரவில்லை, கொட்டகை வெளுத்தது. அந்த இதழ் இன்றும் என் அலமாரியில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திறக்கும்போது அந்த அக்காவுக்கு நான் தீங்கு செய்துவிட்டதாகவே தோன்றும்.

ஐந்து வருடம் கழித்து உப்பளப் படங்களைச் சிறு தொகுப்பாகச் சொந்தச் செலவில் போட்டபோது வேறு வழியில் போனேன். ஒரே கறுப்பு வெள்ளைப் படத்தை இரண்டு தகடாகப் பிரிப்பது டியோடோன். ஒரு தகட்டில் நிழலுக்கு மட்டும் கெட்டிக் கறுப்பு. இன்னொன்றில் முகத்துக்கும் உப்புக்கும் வேண்டிய சாம்பல். இரண்டு மையும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் ஒற்றை மையால் எட்ட முடியாத ஆழம் வரும். அமெரிக்காவில் ரிச்சர்ட் பென்சன் இதை மூன்று, நான்கு, அதற்கும் மேற்பட்ட தகடுகளுக்குக் கொண்டுபோனார். தானே மிஷின் ஓட்டத் தெரிந்த அவர் அச்சிட்டு 1985இல் வந்த கில்மன் பேப்பர் கம்பெனி சேகரிப்பின் புகைப்படப் புத்தகத்தைப் பார்த்தவர்கள், மூலப் பிரதிக்கும் அச்சுக்கும் உள்ள தூரம் எவ்வளவு சுருங்க முடியும் என்று அறிவார்கள்.

எங்களுக்குக் கிடைத்தது ஒற்றைக் கலர் மிஷின். ஆர்ட் பேப்பரில் சாம்பல் தகட்டை ஒருநாள் ஓட்டி, காயவிட்டு, மறுநாள் அதே தாளைத் திரும்ப விட்டுக் கறுப்பு ஓட்ட வேண்டும். இரவில் மழைக்காற்று வீசினால் தாள் ஈரம் இழுத்து ஒரு மயிரிழை நீளும். இரண்டு தகடும் பொருந்தாமல் கண்ணிமை இரட்டையாகத் தெரியும். பேராசையில் மையைக் கூட்டச் சொன்னேன். மிஷின்மேன் மறுத்தார். “இதுக்கு மேல விட்டா காயாது சார். அடுக்குல மேல இருக்கிற தாளோட முதுகுல ஒட்டிக்கும். அப்புறம் உங்க கறுப்பு அங்க போயிடும்.” அவர் சொன்னது அப்படியே சரி. நிறுத்திய இடத்தில் நிறுத்தினோம். லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தோலின் துளைகளுக்கு நடுவே, அவற்றைவிடச் சிறிய துளைகளாக, கோலத்தின் புள்ளிகள் நின்றன. செலவு இரட்டிப்பானது. ஆயிரம் பிரதி என்று இருந்ததை ஐந்நூறாகக் குறைத்துக்கொண்டேன்.

இப்போது மேஜைமேல் இருக்கும் இங்க்ஜெட் இயந்திரம், பளபளப்பான நல்ல தாளில், இருட்டறையில் நான் எட்டியதைவிட ஆழமான கறுப்பை ஒரு பொத்தானில் கொடுத்துவிடுகிறது. நல்லதுதான். ஆனால் கறுப்பு மலிவாகக் கிடைப்பதால் எல்லோரும் அதை அள்ளிக் கொட்டுகிறார்கள். கிராமத்துப் பெரியவர்களின் முகச் சுருக்கங்களைக் கரியால் வெட்டிய மாதிரிக் காட்டும் படங்கள் பரிசு வாங்குகின்றன. கறுப்பு வாங்கும் தகுதி அந்தப் படங்களில் எதற்கு இருக்கிறது, எதற்கு இல்லை என்று யாரும் நிறுத்திக் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த முகங்களில் எனக்குத் தோல் தெரிவதில்லை, மை தெரிகிறது.

தேறிய இரண்டு பிரதிகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு 2004 மார்ச்சில் முத்தையாபுரம் போனேன். அதே அளம். அக்கா இருந்தார். துண்டுக்குள்ளிருந்து வெளியே வந்த முடி நரைத்திருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை, படம் எடுத்தது மட்டும் ஞாபகம் இருந்தது. அட்டைக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தேன். பாத்திவரப்பில் நின்று, நடு வெயிலில், படத்தை முகத்துக்கு நேரே பிடித்தார்.

“வெள்ளையாத்தான் இருக்கு தம்பி. ஒண்ணும் தெரியலியே.”

மேலே இருந்த வானம் முழுவதும் அந்தப் பளபளப்பில் இறங்கியிருந்தது. சரித்துப் பிடிக்கச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவரே வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, முந்தானையை உருவித் தலைக்கு மேலே இழுத்து, படத்தையும் தன் முகத்தையும் அதற்குள் வைத்து மூடிக்கொண்டார். பழைய காலத்துப் பெட்டிக் கேமராக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொள்வது போல இருந்தது.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூரத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

“இது குத்தும்போது எனக்கு எட்டு வயசு” என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. “நாலுக்கு நாலு கோலம். பதினாறு புள்ளி வரணும். பச்சை குத்துனவ ஒண்ண விட்டுட்டுப் போயிட்டா. எங்கம்மா சாகுற வரைக்கும் அவளத் திட்டிட்டே இருந்தா.”

அவருடைய கை வெளியேதான் இருந்தது. இத்தனை வருட உப்பிலும் வெயிலிலும் அந்தக் கோலம் தோலோடு தோலாக மங்கிப்போயிருந்தது; இருக்கிறதென்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தெரியும். அவர் கையைப் பார்க்கவில்லை. படத்தில் விரலை வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். நான் வெயிலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

“பன்னெண்டு... பதிமூணு... பதினாலு...”

விரல் நின்றது.

“பதினஞ்சு.”